கயிறு வேன் மேல இருந்துச்சு, பாய்

பாய்,

நேத்து சாயங்காலம் உங்க சந்து முனை வரைக்கும் வந்தேன். தையல் மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு. அப்படியே திரும்பிட்டேன். நேர்ல வந்தா நீங்க முதல்ல டீ சொல்லுவீங்க. நானும் குடிச்சுட்டு, வெயிலைப் பத்திப் பேசிட்டு வந்துடுவேன். அதான் இங்க எழுதறேன். உங்க பையன் போன்ல எப்படியும் இது வந்து நிக்கும். அவனும் படிக்கட்டும்.

இந்த மே மாசத்தோட மூணு வருஷம். என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, தண்ணிக்குள்ள இருந்தது நீங்க. கல்லு மேல நின்னது நான். மேல நடந்ததுல ஒண்ணு மட்டும் உங்களுக்கு இன்னும் தெரியாது.

பசங்க ரொம்ப நாளா கேக்கறாங்க, மறுபடியும் கடலுக்குத் தூண்டில் போட வேன் எடுக்கலாம்னு. போன வாரம்தான் சரின்னேன். ஜூன் 14 தாண்டட்டும்னு சொல்லியிருக்கேன். ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், கண்ணுக்கெட்டின தூரம் கடல்ல பெரிய படகு இருக்காது. அந்த மாதிரி நாள்லதான் நாம போனோம். கூட்டமே இல்ல, ஜாலின்னு வேற சொன்னோம். சரின்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கிட்டேன். வேன் கிளம்பறதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தை எழுதிடணும்.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம வேலூரைக் கிண்டல் பண்ணுவாங்களே (சாமியில்லாத கோயிலும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு, 1981ல ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்து அந்தக் கணக்கைத் தீத்துட்டாரு), அந்தத் தண்ணியில்லாத பாலாறு வயலூர் பக்கத்துல கடல்ல சேருதுன்னு என் ஜெராக்ஸ் கடையில மேப்பைப் பரப்பிக் காட்டினது நீங்கதான். "நம்ம ஆறு போற எடத்துக்கு நாமளும் ஒரு தபா போய்ப் பாப்போம் வாத்தியாரே." ஆரம்பிச்சது அப்படித்தான். மீன் ஆசை எல்லாம் அப்புறம் வந்தது.

வந்த பதினொரு பேருல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தெரிஞ்சவங்களுக்கும் கெணத்து நீச்சல். கெணத்துத் தண்ணி நம்மளை எங்கயும் இட்னு போகாது, அதனால அதை நம்பி வளந்தவங்க நாம. அது உங்களுக்குப் புரிஞ்ச அளவுக்கு எங்க யாருக்கும் புரியல. காவேரிப்பாக்கம் ஏரியில குத்தகைக்காரரைக் கேட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில தூண்டில் வீசப் பழகினோமே, வீசினதை விட கேன் எறிஞ்சதுதான் ஜாஸ்தி. அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன், தண்ணியில விழுந்தவங்க பிடிச்சுக்க. வெறும் கேனை காத்து அடிச்சுட்டுப் போயிடும்னு உள்ள ரெண்டு விரக்கடை தண்ணி. கைப்பிடியில இருபது மீட்டர் நைலான் கயிறு. மட்டைத் தேங்காயை ஏரியில மெதக்க விட்டு, அது மேல படாம அதைத் தாண்டி விழுற மாதிரி எறிஞ்சு, கயிறு தேங்காய் மேல வர்ற மாதிரி இழுக்கணும். "எறி, எறங்காத." எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க! பேங்க்ல வேலை செய்யறவரு நாலு வாரமும் தேங்காயையே அடிச்சாரு. ஆளா இருந்தா மண்டை போயிருக்கும்னு நீங்க சிரிச்ச சிரிப்புல கொக்கெல்லாம் பறந்துச்சு.

அந்தக் குப்பத்தோட பேரை எழுத மாட்டேன். அங்க இருக்கறவங்க மேல ஒரு தப்பும் இல்ல. கரைவலை இழுக்கற பக்கம் தூண்டில் போடாதீங்கன்னு சொன்னாங்க, நாம போடல. பேரை எழுதினா அடுத்த வாரமே அங்க பத்து பைக் போய் நிக்கும், அவ்வளவுதான் காரணம்.

காலையில ஏழு, ஏழரை இருக்கும். வானம் கழுவி விட்ட மாதிரி. காத்து இல்ல. கல்லு கொட்டி கடலுக்குள்ள வளைஞ்சு போகுதே, அதுக்குத் தூண்டில் வளைவுன்னு பேருன்னு கேட்டதும், "பேருலயே தூண்டில் இருக்கு, மீனு கிடைக்காமலா போயிடும்"னீங்க. மேல் கல்லு காஞ்சிருந்துச்சு, கீழ் கல்லு பச்சைப் பாசி. ஈரமா இருக்கிற கல்லு அலையோட எடம், அதுல கால் வைக்காதேன்னு பசங்களுக்குச் சொல்லி அரை மணி நேரம் கூட ஆகல. உங்க பையனோட தூண்டில் ராட் வளைஞ்சுது. கொடுவா. மூணு கிலோவாவது இருக்கும், செதில் வெள்ளியா ஒரு தடவை புரண்டுச்சு. "அத்தா, அத்தா"ன்னு கத்தினான். நீங்க கைவலையை எடுத்துக்கிட்டு ஈரக் கல்லுக்கு எறங்கினீங்க.

பெரிய அலைன்னு சொல்ல மாட்டேன். பால் பொங்கற மாதிரி சத்தமே இல்லாம தண்ணி ஏறுச்சு. எறங்கும்போது கல்லு இருந்துச்சு, கைவலை இருந்துச்சு, நீங்க இல்ல.

நான் திரும்பி கேனைப் பாத்தேன். கேன் அங்கதான் இருந்துச்சு. கயிறு இல்ல.

பாய், அந்தக் கயிறு வேன் மேல இருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி ஆற்காட்டுல மக்கன் பேடா வாங்க நிறுத்தினப்ப, ராட் போட்டு வெச்ச பிவிசி பைப்பெல்லாம் கேரியர்ல ஆடிக்கிட்டிருந்துச்சு. கட்ட வேற கயிறு பத்தல. கேன்லேர்ந்து அவுத்தது நான். காலையில எறங்கினதும் மறுபடியும் கட்டிடலாம்னு நெனச்சேன். டீ குடிச்சோம், போட்டோ எடுத்தோம், மறந்துட்டேன். வேன் அங்கேர்ந்து முன்னூறு அடியாவது தள்ளி நின்னுச்சு.

நான் ஏன் குதிக்கலைன்னு ஊரே கேட்டுச்சு. கயிறு எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அதனால குதிக்கறது தப்புன்னே மூணு வருஷமா வாதாடிக்கிட்டிருக்கேன். ஏன்னா அந்த வழக்கு எனக்கு ஜெயிக்கும். கோர்ட்டு பக்கத்துல கடை வெச்சா இந்தப் புத்தியும் ஒட்டிக்கும் போல.

அப்போ உங்க பையன் ராடைப் போட்டுட்டு ஓடினான். பதினாலு வயசு. காலரைப் பிடிச்சேன், கிழிஞ்சுது. நீங்க தைச்ச சட்டை. அப்புறம் முடியைப் பிடிச்சேன். "விடுங்க மாமா, விடுங்க"ன்னு என் கையைக் கடிச்சான். அறைஞ்சேன். ஒண்ணில்ல, ரெண்டு. அந்த அறைக்கு நான் மன்னிப்பு கேக்கப் போறதில்ல. அவன்கிட்டயும் கேக்க மாட்டேன், உங்ககிட்டயும் கேக்க மாட்டேன். அவனை விட்டிருந்தா நீங்க வெளிய வந்து யாரைத் தேடியிருப்பீங்க?

கரையில வலை பின்னிக்கிட்டிருந்த பெரியவர்தான் மொதல்ல ஒழுங்காப் பேசினாரு. "கைய வீசாத! மல்லாந்து கெட!"ன்னு உங்களைப் பாத்துக் கத்தினாரு. எங்களைப் பாத்து, "கல்லு மேல இன்னாடா வேலை? வடக்க ஓடு!" நீங்க தெற்கால அப்படியே உள்ள போய்க்கிட்டிருக்கிற மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்த மாசத்துல கரையோரத் தண்ணி வடக்கதான் ஓடும்னு அவருக்குத் தெரியும். கல்லை ஒட்டி அலை உடையாம அமைதியா தெரியற எடத்துலதான் தண்ணி உள்ள இழுக்குது, அலை உடையற எடத்துல கரைக்குத் தள்ளுதுன்னும் தெரியும். மிதவைக் கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு எரநூறு அடி ஓடி, இடுப்பளவு தண்ணியில நின்னு, காத்திருந்தாரு. அவரும் குதிக்கல, பாய். இதை உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க அவர்கிட்டயே வந்து சேர்ந்தீங்க, லைஃப் ஜாக்கெட் காதுக்கு மேல ஏறி, நெத்தியில சிப்பி கிழிச்ச ரத்தத்தோட.

ஜாக்கெட் ஏன் காதுக்கு மேல ஏறுச்சு?

இதை எழுதலாமா வேணாமான்னு நாலு நாள் யோசிச்சேன். நாங்க பத்து பேரு போட்டிருந்த ஜாக்கெட்டுக்கும், காலுக்கு நடுவுல போற மாதிரி பேக் நாடாவுல பட்டை தைச்சது நீங்கதான். அது இல்லாட்டி தண்ணியில ஆளு எறங்கும், ஜாக்கெட் மட்டும் மேல போகும்னு சொன்னதும் நீங்கதான். உங்களுதுக்கு மட்டும் நாடா பத்தலன்னு விட்டுட்டீங்க. எட்டு ரூபாய் நாடா, பாய்! டீக்கடையில "வாத்தியாரு நின்னுகினு வேடிக்கை பாத்தாரு"ன்னு சொன்னீங்களே, அப்பகூட இந்தப் பட்டையைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயைத் தெறக்கல. இப்ப தெறந்துட்டேன். பட்டைதான் காரணம்னு ஆக்கிட்டா கயிறு மறைஞ்சுடும்னு என் மனசுக்குள்ள ஒருத்தன் சொல்றான். அவன் சொல்றதைக் கேக்கக்கூடாதுன்னுதான் ரெண்டையும் சேத்து எழுதறேன்.

அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு வாசல்ல வீட்டுக்காரம்மா கேட்டதை இங்க எழுத மாட்டேன். அதுக்கு நான் சொன்ன பதிலையும் எழுத மாட்டேன். அந்தப் பதிலுக்கு மன்னிப்பு கேக்கறேன், அது மட்டும் போதும்.

2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி பக்கம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவங்க போயிட்டாங்கன்னு செய்தி வந்துச்சு. எங்கயோ தெற்க, இந்துமாக்கடல் ஆழத்துல அடிச்ச காத்தோட அலை ரெண்டு மூணு நாள் ஓடி வந்து, காத்தே இல்லாத கரையில ஏறுமாம். மலையாளத்துல அதுக்குக் கள்ளக்கடல்னு பேரு. ஹைதராபாத்துல இருந்து கடல் முன்னறிவிப்பு சொல்ற இன்காய்ஸ் முன்னாடியே எச்சரிக்கை கொடுத்திருந்துச்சு. அந்தப் பேரைப் படிச்சதும் பால் பொங்கின மாதிரி ஏறின தண்ணிதான் ஞாபகம் வந்துச்சு. போனை எடுத்து உங்க நம்பரை அழுத்தினேன். ஒரு ரிங் போனதும் வெச்சுட்டேன். மிஸ்டு கால்ல என் பேரைப் பாத்திருப்பீங்க. நீங்களும் கூப்பிடல. நம்ம பயணத்தன்னிக்கு நான் வானத்தைப் பாத்தேன், வேன் டயரைப் பாத்தேன், கடலோட முன்னறிவிப்பைப் பாக்கணும்னே தோணல. இப்ப தெனமும் பாக்கறேன், கடல் இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு. வீட்டுல சிரிக்கறாங்க.

பசங்களுக்கு ஒரு தாள் அடிச்சுக் கொடுத்திருக்கேன், நம்ம கடை ஜெராக்ஸ்தானே. அதுல முக்கால்வாசி நீங்க சொன்னது. கெளுத்தி முள்ளு குத்தினா பொறுக்கற சூட்டுல வெந்நீர்ல முக்கணும்ங்கறது, பேங்க்காரர் அழுதப்ப டீக்கடைப் பாத்திரத்துல நீங்க செஞ்சதுதான். இடி சத்தம் கேட்டா கார்பன் ராடைக் கீழ போட்டுட்டு வேனுக்குள்ள போகணும், ராட் மின்னலை இழுக்கும். பேத்தை மீனை எவ்வளவு கழுவினாலும் சாப்பிடக்கூடாது. பின்னாடி பாக்காம ராடை வீசக்கூடாது, இது எதுக்குன்னு என் காது மடல்ல இருக்கிற தழும்பு சொல்லும். வீசினது யாருன்னு எழுதலை, கவலைப்படாதீங்க. ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரியில மணல்ல டார்ச் அடிக்கக்கூடாது, ஆமை முட்டையிட வரும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு 1093, ரெண்டையும் வேன்ல ஏறும்போதே எல்லாரும் போன்ல ஏத்திக்கணும். தண்ணி குடிச்சு வெளிய வந்தவரு "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், சில மணி நேரம் கழிச்சும் மூச்சுத் திணறும். இதை மட்டும் உங்ககிட்டேர்ந்து கத்துக்கல, உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் "வேணாம் வாத்தியாரே, வீட்டுக்குப் போலாம்"னு சொல்லிக்கிட்டே வந்தீங்க. என் தோள்ல சாஞ்சுதான் வந்தீங்க. அது ஞாபகம் இருக்கா? எனக்கு அந்த ஈரச் சட்டை ஞாபகம் இருக்கு.

தாள்ல முதல் வரியா நான் போட்டது இது: கேன் கயித்தை வேற எதுக்கும் அவுக்கக்கூடாது. ஒரு பையன் கேட்டான், "இதெல்லாம் ஒரு ரூலா அங்கிள்?"

மூணு நோன்பு போயிடுச்சு. உங்க வீட்டுக் கஞ்சித் தூக்கு வர்ற நேரத்துக்கு என் சம்சாரம் வாசல் லைட்டைப் போடுவா, பழக்க தோஷம். அவகிட்டயும் கயிறு விஷயத்தை நேத்துதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இதை பாய் வீட்டுல சொல்லிட்டு வா"ன்னா. போனேன், திரும்பி வந்தேன்.

புது ஜாக்கெட் பதினஞ்சு வாங்கியிருக்கு. எதுக்கும் நடுப்பட்டை இல்ல. சாயிநாதபுரத்துல ஒருத்தர் தைச்சுத் தர்றேன்னாரு, பருத்தி நூல்ல. உப்புத் தண்ணியில இத்துப் போகும்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்து வேணாம்னுட்டேன். மூட்டையை உங்க கடைக்கு எதிர்த்த டீக்கடையில வெச்சிருக்கேன். நாடாவும் நைலான் நூலும் உள்ளயே இருக்கு, இந்தத் தடவை தாராளமா வாங்கியிருக்கேன். கூலி எவ்வளவுன்னு டீக்கடைக்காரர்கிட்ட சொல்லி அனுப்புங்க. வர்றவங்க பதினாலு பேருதான்.