திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் புள்ளிகளின் வழியே

சென்னை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்தவுடன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, உன் கணக்கில் நானே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டேன். மகள் சிங்கப்பூரிலேயே நிலைத்துவிட்டதால் இனி நீயும், எனக்குத் தங்கை போன்ற உன் மனைவியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அதை எழுதிவிட்டு, "நீ காசே கொடுக்காமல் விமானத்தில் போகிறாயாமே, அந்த வித்தையை எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தக் 'காசே கொடுக்காமல்' என்பதைத் திருத்திவிடுகிறேன். கடன் அட்டையில் செலவு செய்யும்போது பரிசாகச் சேரும் புள்ளிகளைக் கொண்டு எடுக்கும் பயணச்சீட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் நம் கையிலிருந்துதான் போகும். சில விமான நிறுவனங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒன்றையும் சேர்த்துவிடும்போது, இலவசம் என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போய்விடும்.

கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதியவன் நீ. ஆகவே உனக்கு நான் கணக்காகவே சொல்கிறேன். மாதம் நாற்பதாயிரம் ரூபாய் வீட்டுச் செலவைக் கடன் அட்டையில் செய்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள பலன் தரும் சாதாரண அட்டை என்றால் மாதத்துக்கு 400 ரூபாய், ஆண்டுக்கு 4,800 ரூபாய். அவ்வளவுதான். இப்போது, ஏதோ ஒரு மாதம் மறந்துபோய் 50,000 ரூபாய் நிலுவையைக் கட்டாமல் விட்டாய் என்றால், மாதம் 3.75 சதவீத வட்டியில் 1,875 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 337 ரூபாய் ஐம்பது பைசா, ஆக மொத்தம் 2,200 ரூபாய்க்குமேல் போய்விடும். ஐந்தரை மாதம் சேர்த்ததை ஒரே மாத மறதி விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத நாற்பது ஐம்பது நாள் தவணை என்ற சலுகை அப்போது கிடையாது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அட்டை வட்டி ஆண்டுக்கு முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. அதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. எனவே அட்டை கைக்கு வந்த அன்றே, முழு நிலுவையும் உன் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக்கொடுத்துவிடு. 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சடித்திருக்கும் கட்டத்தின் பக்கம் கண்ணே போக வேண்டாம்.

ஓய்வூதியக்காரர் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். வைப்புநிதியை ஈடாக வைத்துக்கொண்டு அட்டை தரும் வங்கிகள் பல இருக்கின்றன. அந்த வழியில் கேட்டுப் பார். தங்கைக்குத் துணை அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் இருவர் செலவின் புள்ளிகளும் ஒரே கணக்கில் விழும்.

எந்தச் செலவுக்குப் புள்ளி உண்டு, எதற்கு இல்லை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்ரோல், வீட்டு வாடகை, கைபேசி வாலெட்டில் பணம் போடுவது, அரசுக்குச் செலுத்துவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான அட்டைகளில் புள்ளி கிடையாது. வாடகைக்கு மேற்கொண்டு ஒரு சதவீதக் கட்டணமும் பல வங்கிகளில் உண்டு. காப்பீட்டுக்கும் மின்கட்டணத்துக்கும் பல இடங்களில் உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் என்.எஸ்.பி. சாலைக் கடைக்காரர், "கார்டு என்றால் இரண்டு பர்சன்ட் கூட ஆகும் சார்" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் யுபிஐயில் கொடுத்துவிடு. ஒரு ரூபாய் பெறுவதற்கு இரண்டு ரூபாய் கொடுப்பவன் மெஸ் செயலாளராக இருந்திருந்தால் நாமெல்லாம் பட்டினிதான் கிடந்திருப்போம். சில அட்டைகளைக் காட்டி நுழையக்கூடிய ஓய்வறையான, நம் மக்கள் பெரிதாகப் பேசும் விமான நிலைய லவுஞ்சைப் பற்றி ஒரு வரி: அங்கே இப்போது வரிசையில் நிற்கிறார்கள், இட்லி ஆறியிருக்கிறது. அதற்காக ஆண்டுக் கட்டணம் அதிகமுள்ள அட்டையை வாங்காதே.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புள்ளியைச் சேர்ப்பதைவிடச் செலவிடுவதில்தான் புத்தி வேண்டும். ஒரே புள்ளியை அட்டை நிலுவையில் கழித்தால் இருபது இருபத்தைந்து பைசாவாகவும், வங்கியின் பொருள் பட்டியலில் மிக்சி வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகவும், விமான நிறுவனம் சீட்டுக்கு ஈடாக ஏற்கும் 'மைல்'களாக மாற்றினால் சில வேளை ஒரு ரூபாயாகவும் மதிப்புப் பெறுவது உண்டு. கணக்கு எளியது. பயணச்சீட்டின் ரொக்க விலை 38,000 ரூபாய், புள்ளியில் எடுத்தாலும் கட்ட வேண்டிய வரி 6,000 ரூபாய், தேவைப்படும் மைல் 40,000 என்று வைத்துக்கொள். மிச்சமாகும் 32,000 ரூபாயை நாற்பதாயிரத்தால் வகுத்தால் மைலுக்கு எண்பது பைசா. அதே சீட்டு சலுகை விலையில் 18,000 ரூபாய்க்குக் கிடைக்கும் நாளில் அதே மைலின் மதிப்பு முப்பது பைசாதான். அன்று ரொக்கம் கொடுத்துவிட்டு மைல்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும். திருச்சியிலிருந்து ஸ்கூட், இண்டிகோ போன்ற மலிவு விமானங்கள் நேராக சிங்கப்பூர் போவதால், சாதாரண நாள்களில் உனக்கு ரொக்கமே நல்லது. தீபாவளி, பள்ளி விடுமுறை போன்ற நாள்களில் கட்டணம் ஏறும்போதும், முழங்கால் வலிக்காகக் கால் நீட்டிப் படுத்துப் போக வேண்டும் என்று தங்கை விரும்பும்போதும் சென்னைக்கு வந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மைல்களைச் செலவிடலாம்.

அந்த நிறுவனத்தில் மைல் சேர்க்கும் கிரிஸ்ஃபிளையர் கணக்கை இன்றே திறந்துவிடு, அதற்குக் கட்டணமில்லை. நம் நாட்டு வங்கிகள் சிலவற்றின் புள்ளிகளை அதில் மாற்றலாம். உன் மைல்களில் தங்கைக்கும் சீட்டு எடுக்கலாம். அவளை நியமனப் பயணியாகப் பதிவுசெய்தால் போதும், நீ உடன் போகவேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் மைல்கள் மூன்றாண்டில் காலாவதியாகும். இன்னொன்று: வங்கியிலிருந்து மாற்றிய புள்ளி திரும்பி வராது. நீ போக நினைக்கும் நாளில் மைலுக்கு இருக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன். வங்கி அட்டையில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டிலும் விமானக் கணக்கிலும் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்கு யார் சொல்வது? பெயர் பொருந்தாததால் மாற்றமே நிறைவேறாமல், புள்ளிகள் பன்னிரண்டு நாள் அந்தரத்தில் நின்றுவிட்டு வங்கிக்கே திரும்பின; அதற்குள் நான் பார்த்து வைத்திருந்த இருக்கையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். தமிழனுக்கு இனிஷியல் தரும் தொல்லைகளின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்.

இதைவிடப் பெரிய அடி ஒன்றும் விழுந்தது. மூன்றாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்து 1,40,000 புள்ளிகள் ஒரு வங்கியில் வைத்திருந்தேன். ஐரோப்பாவுக்கு இருவரும் போவது என்று கனவு. அந்த வங்கி ஒரு மாத அவகாசத்தில் மின்னஞ்சல் அனுப்பி, மைலாக மாற்றும் விகிதத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. அந்த மின்னஞ்சலையும் நான் விளம்பரம் என்று நினைத்துத் திறக்கவில்லை. "புதையலைப் பூதம் காக்குமாம், நீங்கள் காத்த லட்சணம் இதுதானா?" என்று வீட்டில் கேட்டாள். பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியபோது, காலியாகப் போகும் இருக்கையை அடிக்கடி வரும் பயணிக்குக் கொடுப்பது என்பதுதான் எண்ணம். பிறகு மைல்களை அச்சடித்து வங்கிகளுக்கு விற்பதே தனி வியாபாரமாகிவிட்டது. 2020இல் விமானங்கள் தரையில் கிடந்தபோது யுனைடெட் நிறுவனம் தன் 'மைலேஜ்பிளஸ்' திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. நம் ஊரில் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய பிறகும் அதன் 'ஜெட்பிரிவிலேஜ்' திட்டம் 'இண்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு தனியே நடந்தது. விமானம் இல்லாமலும் மைல் இருக்கும்! நோட்டை அச்சடிப்பவனே அதன் மதிப்பையும் தீர்மானிக்கிறான். ரிசர்வ் வங்கி போல ஒருவர் மேலே இல்லை. அதனால் நான் இப்போது ஒரு பயணத்துக்கு வேண்டிய அளவு சேர்ந்தவுடன் செலவழித்துவிடுகிறேன். வங்கிகளிலிருந்து வரும் மின்னஞ்சல்களையும் ஒன்றுவிடாமல் படிக்கிறேன், தனிநபர் கடன் விளம்பரங்கள் உட்பட.

குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் கூடுதல் புள்ளிகள் என்ற தூண்டிலைப் பற்றியும் எச்சரிக்கை செய்ய வேண்டும். சென்ற மார்ச்சில் இலக்கை எட்ட ஏழாயிரம் ரூபாய் குறைந்தது என்பதற்காக, பழுதில்லாத கிரைண்டரை மூலையில் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டு கிரைண்டரும் இன்று வீட்டில் இருக்கின்றன. புதியதில் மாவு சரியாக அரைபடவில்லை.

உன் இரயில் பயணங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாதம் ஒருமுறை சென்னைக்கு ஏசி வகுப்பில் வருகிறவனுக்கு ஐஆர்சிடிசி பெயரில் வரும் அட்டை பயனுள்ளதுதான். அதில் சேரும் புள்ளிகளை இரயில் பயணச்சீட்டுக்கே பயன்படுத்தலாம். இரண்டு அட்டைக்குமேல் மட்டும் உனக்கு வேண்டாம். என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றின் கட்டண நாளையும் எழுதிய தாள் பூஜை அறைக் காலண்டரில் தொங்குகிறது, தினமும் பெருமாளோடு அதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குப் போவதாக இருந்தால் தேதியை உடனே எழுது. மைலுக்கு ஒதுக்கும் இருக்கைகள் பயண நாளுக்குப் பல மாதம் முன்பே திறக்கும், சீக்கிரம் போயும்விடும். என் கணக்கில் கொஞ்சம் மைல்கள் அடுத்த ஆகஸ்டில் காலாவதியாக இருக்கின்றன. தங்கையின் ஒருவழிச் சீட்டுக்கு அவை போதும். அவளுடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல், பெயரை எழுதி அனுப்பு. இனிஷியல் மட்டும் போட்டு அனுப்பாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்