ஆடல்மகளுக்குச் சாபம் ஒன்றுதான் கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சில மாதங்களாகச் சரித்திர மாயக்கதைகள் வருகின்றன. பாதிக்குமேல் ஆடல்மகள்தான் நாயகி. சாபம் பெற்ற அப்சரஸ், இல்லையென்றால் அரசனை வேவு பார்க்க வந்த உளவுக்காரி. சலங்கை கட்டியதும் மின்னல் வெட்டுகிறது, படை சாய்கிறது. எழுதுகிறவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கோயிலில் என்ன வேலை, படி அளந்தது யார், பின்னால் நின்று வாசித்தது யார் என்ற சேதி ஒரு கதையிலும் இல்லை. மாயத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த வேலைக்குள்ளேயே கிடக்கும்போது ஏன் வெளியே தேடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

எழுத உட்காருமுன் எந்த நூற்றாண்டு என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நாயகியின் சக்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராஜராஜன் காலத்துப் பெண் அலாரிப்பில் தொடங்கி, வர்ணம் ஆடி, தில்லானாவில் முடிக்கிறாள் என்று எழுதுகிறார்கள். அந்த வரிசை தஞ்சை நால்வர் என்ற நடன ஆசான்களான சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்கு செய்தது. பரதநாட்டியம் என்ற பெயர் மேடையில் நிலைத்தது 1930களில். அதுவரை சதிர், சின்னமேளம் என்றுதான் வழக்கு. பக்கத்தில் வயலின் ஒலித்தால் கதையை 19ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும். சோழர் அடுக்களையில் மிளகாய் வறுபடுவதையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். போர்ச்சுகீசியர் வருமுன் நமக்குக் காரம் என்றால் மிளகும் இஞ்சியும்தான்.

சோழர் காலமே வேண்டுமென்றால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைவிட நல்ல அடிப்படை கிடையாது. கோயில் பணிக்கென்று குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், ‘நக்கன்’ என்ற முன்னொட்டோடு பெயர், அவளுக்குப் பங்கு ஒன்று. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி என்று போட்டால் 9,600 நாழி. ஒரு நாளுக்கு 26 நாழி வருகிறது. ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்ற அக்காலக் கணக்கில் குத்தினால் பத்து நாழி அரிசி. ஒருத்தி உண்டு தீர்க்கும் அளவு அல்ல அது. தாய், தம்பி, வேலைக்காரி என்று ஒரு வீடே அதில் சாப்பிடும். நட்டுவம் செய்பவருக்கு, அதாவது ஆட்டுவிக்கும் ஆசானுக்கு, இரண்டு பங்கு. நாயகி அபலையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கட்டும்.

அதே கல்வெட்டில் ஒரு நிபந்தனை உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலோ நாட்டைவிட்டுப் போனாலோ அடுத்த முறைக்குரியவர் அந்தக் காணியை, அதாவது பணியுரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை ஆளிட்டுப் பணி நடத்தலாம். மாயக்கதைக்கு இதைவிட நல்ல வாசல் எங்கே இருக்கிறது? ஆளிட்டு வந்தவள் மனுஷியே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கண்டுபிடிப்பது எப்படி? நெல் அளக்கும்போதா, ஆடும்போதா? நெல் அவள் கைக்கு வர வேண்டுமானால் அவளுக்கு ஒரு பெயர் வேண்டும், வீடு வேண்டும், முறை வேண்டும். பேய்க்குக் காணி வாங்கித் தருவது சுலபமான காரியம் இல்லை. கதை தானாக நடக்கும்.

இன்னொன்று. பெரிய கோயிலில் 108 கரணமும், அதாவது ஆடல் நிலைகளும், செதுக்கியிருப்பதாக அடிக்கடி எழுதுகிறார்கள். விமானத்தின் மேல்தளத்தில் செதுக்கி முடித்தது 81தான். மற்ற 27க்கும் கல் வைத்திருக்கிறார்கள், உருவம் இல்லை. கீழே 400 பெண்கள் குடியிருக்க, மேலே வெறுங்கல் காத்திருக்கிறது. 27 என்றதும் நட்சத்திரக் கணக்குக்கு ஓடிவிடாமல் சிற்பியின் பக்கம் நின்று யோசித்தால் நல்லது. 82ஆவது கரணத்தை அவர் யாரைப் பார்த்துச் செதுக்கியிருப்பார்? அவள் ஏன் வரவில்லை? ஒரு நாவலே எழுதலாம்.

மேடைக் காட்சி வைப்பவர்கள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே மேடையை அளப்பது 24 விரல் அளவுள்ள மூங்கில் கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, மேடையின் உயரம் 1. பெருவிரல் அகலத்தில் கணக்கிட்டால் கோல் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி. அரங்கின் அகலம் பதினான்கு அடியைத் தாண்டாது. இதில் நூறு பேர் சுழன்றாடுவதாக எழுதினால் முதல் வரிசை கீழே விழும். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததாகவும் அங்கேயே இருக்கிறது. ஆக, நிழலில் ஒளிந்து நிற்கும் கொலைகாரனுக்கு அந்த அரங்கில் இடம் கிடையாது. ஆனால் எழினி, அதாவது திரை, மூன்று உண்டு: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. வானத்தில் உலவுவோராகத் தோன்றுகிறவர்களுக்குக் கரந்துவரல் எழினி என்று உரைகாரர் சொல்கிறார். மாயம் நுழைய வேண்டிய இடத்தை அவர்களே கட்டி வைத்துவிட்டார்கள். நாம் பறக்கும் கம்பளம் வாங்கி வருகிறோம்.

பிற்காலச் சதிர்க் கதைகளில் அடிக்கடி சறுக்குவது, அவள் தனியாக ஆடினாள் என்று எழுதுவதில்தான். அந்நாளில் மேளக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, அவளுக்குப் பின்னால் நின்றார்கள். மிருதங்கத்தை இடுப்பில் கட்டியிருப்பார். சுருதிக்குத் துத்தி என்ற தோற்பைக் கருவி ஊதுபவர் ஒருவர். நட்டுவனாரின் தாளம் அவள் காதுக்கு எட்டும் தூரத்தில். அவள் முன்னே வந்தால் கூட்டம் முன்னே வரும், பின்வாங்கினால் பின்வாங்கும். முதுகுக்குப் பின்னால் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு தளபதியின் காதில் ரகசியம் சொல்ல முடியாது. அபிநயத்தில் கை ஒன்று சொல்ல, பாட்டு வேறொன்று சொல்லலாம். அந்தத் தந்திரம் நடக்கும். பாடுவதும் அவள் தொழிலே என்பதை மறக்கக் கூடாது. பதம் என்ற காதல் பாட்டை உட்கார்ந்து பாடியபடியே அபிநயிப்பதும் வழக்கத்தில் இருந்தது.

நாயகியின் சக்திக்கு ஓர் அளவு, ஒரு விலை, அதைக் கெடுக்கக்கூடிய ஓர் ஆள் என்று மூன்றும் வேண்டும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஓர் ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்குள், கட்டியது அடுத்த சுற்றின் முதல் தட்டான சமத்தில் அவிழ்ந்துவிடும் என்று விதி வைத்தால், தாளம் பிடிக்கும் நட்டுவனார் கூட்டாளியாகவும் எதிரியாகவும் ஆகிவிடுகிறார். அவர் ஒரு தட்டு தள்ளிப் போட்டால் போதும்.

மந்திரத்துக்கு வெளியூர் சூனியக்காரி தேவையில்லை. கும்பாரத்தி என்ற குட விளக்கைச் சுற்றித் தெய்வத்தின் மேல் விழுந்த கண்ணேறு கழிப்பது தேவரடியாரின் பணிகளில் ஒன்று. தெய்வத்தை மணந்த அவள் விதவையாகாத நித்தியசுமங்கலி என்பதால் அவள் கையால் தாலிக்கு மணி கோத்து வாங்கிக்கொள்வார்கள். ஊர் முழுவதின் கண்ணேறையும் கழிப்பவள் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்டால் கதைக்கு வேண்டிய விலை கிடைத்துவிடும்.

எல்லைப் பக்கத்துக் கதைகள் ஏன் வருவதில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. நகரிக்குப் பக்கத்தில் கார்வேட்டிநகரம் இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை அது வட ஆற்காட்டு ஜமீன். அங்குள்ள வேணுகோபாலரின் பெயரைப் பாட்டில் பதிக்கும் முத்திரையாக வைத்துச் சாரங்கபாணி தெலுங்கில் பதங்கள் இயற்றினார். க்ஷேத்ரய்யாவின் முவ்வகோபாலன் பதங்களைத் தமிழ்நாட்டு ஆடல்மகளிர் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தார்கள். அந்தப் பதங்களில் வரும் பெண், வாசலுக்கு வந்திருப்பது கடவுளே ஆனாலும் கணக்குக் கேட்பாள். அவள் கேட்ட கணக்குக்குக் கடவுள் நிஜமாகவே பதில் சொல்லியாக வேண்டும் என்றால் என்ன ஆகும்? இந்த மண்ணில் ஒரு கதை வைத்தால் நாயகி தெலுங்கில் பாடி, தமிழில் சண்டை போட வேண்டும். எல்லாரும் ஒரே செந்தமிழில் பேசினால் ஊர் நம்பாது. இதே சுற்றுவட்டாரத்தில் தெருக்கூத்துப் பாஞ்சாலி ஆண். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் நேர்ந்துகொண்ட ஆண்கள் பெண் வேஷம் போடுகிறார்கள். பெண்ணாக ஆடும் ஆணும் ஆடலையே தொழிலாகக் கொண்ட பெண்ணும் ஒரே திருவிழா இரவில் எதிரெதிரே வந்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? யாராவது எழுதலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மயங்கக் கூடாது. கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு என்பது அறியாத வயதுச் சிறுமிக்குச் செய்தது. அதைப் பூமாலைக் காட்சியாக மட்டும் எழுதினால் பொய். சென்னை மாகாணத்தில் 1947இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆந்திரத்தில் 1988இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதே சமயம், அவர்களை வாயில்லாப் பூச்சிகளாக எழுதுவதும் பொய்தான். தஞ்சையில் பிரதாபசிம்மன் அவையில் இருந்த ஆடல்மகள் முத்துப்பழனி ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியமே எழுதினாள். அதைத் தேவரடியார் குலத்துப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார், அரசு தடை போட்டது. பொட்டுக்கட்டு ஒழிப்பு மசோதாவுக்கு முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஆதரவாக நிற்க, நாகரத்தினம்மாள் எதிர்ப்பக்கம் நின்றார். இரண்டு பக்கமும் அந்தக் குலங்களோடு தொடர்புள்ள பெண்கள். கதையில் ஒரு தரப்பை மட்டும் வில்லியாக்கிவிட்டால் மிஞ்சுவது துண்டுப் பிரசுரம். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் நம் ஊர்களில் வாழ்கிறார்கள், உங்கள் பத்திரிகையும் படிக்கிறார்கள் என்பதையும் எழுதுகிறவர்கள் நினைவில் வைத்தால் சில வசவுச் சொற்கள் தானே உதிர்ந்துவிடும்.

கடைசியாக, இது உங்கள் ஓவியருக்கு. சோழர் கதைக்கு விசிறி மடிப்பு வைத்துத் தைத்த ஆடையில் படம் போடுகிறார். அது 1930களுக்குப் பின் மேடைக்கு வந்த உடை. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்பிராகாரத்துச் சோழர் ஓவியங்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். அவற்றின் படங்கள் புத்தகங்களில் கிடைக்கின்றன. ஜமீன் காலத்துச் சதிர்க் கதையென்றால் ரவிக்கையும், கால்சராயின் மேல் சுற்றிக் கட்டிய சரிகைப் புடவையும், பின்னால் நிற்கும் மேளக்காரர்களுமாகப் பழைய புகைப்படங்கள் எத்தனையோ உண்டு. அடுத்த படத்தில் அந்த மேளக்காரர்களையாவது சேர்த்து வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
நகரி, சித்தூர் மாவட்டம்