கயலுக்கு, கரு உருக்கும் மேஜையைப் பற்றி

அன்புள்ள கயல்,

நல்ல தரத்தில் உறையவைத்த பிளாஸ்டோசிஸ்டுகளே (ஐந்தாறு நாள் வளர்ந்த கருக்கள்) உருக்கும்போது சிதைந்து வருகின்றன, மீடியா (உருக்கும் திரவங்கள்) கம்பெனியை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு மீடியாவில் கை வைக்காதே கண்ணு. முதலில் சூட்டைப் பார். சுக்ரோஸ் அளவையும் நிமிடக் கணக்கையும் எல்லோரும் சரிபார்க்கிறார்கள். கரு திரவ நைட்ரஜனை விட்டு வெளியே வரும் அந்த முதல் நொடியை யாரும் அளப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வேகமாகக் குளிர்வித்துவிட்டால் கரு பத்திரம் என்றுதான் நம் துறையில் வெகுநாள் நினைத்திருந்தார்கள். உறைநிலை ஆய்வாளர்களான செகியும் பீட்டர் மேசரும் எலியின் கருமுட்டைகளை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. குளிர்விக்கும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும், சூடேற்றும் வேகம் அதிகமாக இருந்தால் முட்டை பிழைத்தது. சூடேற்றுவது மெதுவானால், எவ்வளவு வேகமாகக் குளிர்வித்திருந்தும் பயனில்லை. கண்ணாடியாக இறுகிய திரவத்துக்குள் பனியின் நுண்ணிய வித்துகள் இருக்கலாம். சுமார் மைனஸ் 120, 130 டிகிரியைத் தாண்டி மேலே வரும்போது அவை வளரத் தொடங்கும். அவை வளர நேரம் கொடுக்காமல் கடந்துவிட வேண்டும். கருவை ஏற்றி உறையவைக்கும் மெல்லிய கிரையோடாப் பட்டையில் 0.1 மைக்ரோலிட்டர் திரவம் வைத்தால் குளிர்வது நிமிடத்துக்கு 23,000 டிகிரி வேகத்தில், சூடேறுவது 42,000 டிகிரி வேகத்தில் என்பது கணக்கு. துளி பெருத்தால் அந்த வேகம் கிடைக்காது. அதனால் பட்டையில் கருவை ஏற்றியபின் மிச்சத் திரவத்தை உறிஞ்சி எடுக்காதவர் செய்த தவறு, உருக்குகிற உன் கையில்தான் வந்து வெடிக்கும். உறையவைத்தவர் பெயரையும் உன் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்.

இனி மேஜைக்கு வருவோம். தாவிங் சொல்யூஷன் (பட்டையை முதலில் விடும் ஒரு மோலார் சுக்ரோஸ் திரவம்) 37 டிகிரியில் இருக்க வேண்டும். டிஷ்ஷை வைக்கும் சூடான ஸ்டேஜின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதே. அது உலோகத் தட்டின் சூடு. டிஷ்ஷின் அடிப்பாகத்துக்கும் தட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால், உள்ளே திரவம் 34-இல்கூட இருக்கும். மெல்லிய தெர்மோகப்பிள் ப்ரோபைத் திரவத்துக்குள்ளேயே விட்டு அள. டிஷ்ஷையும் சொல்யூஷனையும் சேர்த்தே முன்கூட்டி சூடாக்கு. சூடான மீடியாவைக் குளிர்ந்த டிஷ்ஷில் ஊற்றினால் அந்த நொடியே சூடு இறங்கிவிடும். இன்னொன்று: இந்த மீடியாக்கள் காற்றில் பிஹெச்சை (அமிலத்தன்மையை) நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் அல்லது மாப்ஸ் பஃபர் சேர்த்தவை. கார்பன் டை ஆக்சைடு ஓடும் இன்குபேட்டரில் வைத்தால் பிஹெச் கீழே போய்விடும். வாயு இல்லாத சாதாரண வார்மிங் இன்குபேட்டர்தான் அதற்கு இடம். திரவம் ஒரு மில்லிக்குக் குறையக் கூடாது. சின்னத் துளியில் பட்டையை விட்டால் பட்டையின் குளிரே துளியை இழுத்துவிடும்.

நைட்ரஜன் பெட்டியை மைக்ரோஸ்கோப்பை ஒட்டி, டிஷ்ஷின் உயரத்துக்கு வை. விளிம்புவரை நிரப்பு. பாதி நிரம்பிய பெட்டியில் பட்டை திரவத்தை விட்டபின்னும் புகைக்குள் பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தில்தான் சூடு மெதுவாக ஏறுகிறது. பட்டையின் மூடியை நைட்ரஜனுக்குள்ளேயே திருகிக் கழற்று. பெயர், எண், நிறம் எல்லாம் இன்னொருவரோடு சேர்ந்து வாசித்துச் சரிபார்ப்பது பட்டை திரவத்துக்குள் மூழ்கியிருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். டிஷ்ஷின் நடுவில் முன்பே ஃபோகஸ் வைத்துவிட்டு, ஒரு நொடிக்குள் பட்டையை நேரே உள்ளே விடு. ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான், டாக்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

கரு காணவில்லை என்றால் பதறாதே. ஒரு மோலார் சுக்ரோஸில் அது மேலே மிதக்கும், ஃபோகஸைத் தூக்கிப் பார். பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பைப்பெட்டால் மீடியாவை மெல்லப் பீய்ச்சினால் போதும், பட்டையை உதறாதே.

ஒரு நிமிடம் ஆனதும் டைல்யூஷனுக்கு (சுக்ரோஸ் குறைந்த அடுத்த திரவம்) மாற்றுகிறாய்: 0.5 மோலார், அறைச் சூடு, 3 நிமிடம். அப்புறம் முதல் வாஷில் 5 நிமிடம், இரண்டாம் வாஷில் ஒரு நிமிடம். ஏன் இந்தப் படிகள் என்று ட்ரெயினிகளுக்குச் சொல்லிக்கொடு, வெறுமனே மனப்பாடம் செய்ய விடாதே. கருவுக்குள் பனி சேராமல் காக்கும் கிரையோபுரொடெக்டன்டுகளான எத்திலீன் கிளைக்காலும் டிஎம்எஸ்ஓ-வும் நிறைந்திருக்கின்றன. அவை வெளியேறும் வேகத்தைவிடத் தண்ணீர் உள்ளே பாயும் வேகம் அதிகம். நேரே சாதா மீடியாவில் போட்டால் செல் வீங்கி உடையும். சுக்ரோஸ் செல்லுக்குள் நுழையாது, வெளியே நின்று தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. டைல்யூஷனுக்கு மாற்றும்போது கருவுக்கு முன்னால் பைப்பெட்டில் மூன்று மில்லிமீட்டர் அளவு பழைய திரவத்தை இழுத்துக்கொண்டு, அதை டைல்யூஷன் கிணற்றின் (திரவம் நிரப்பிய குழி) அடியில் விட்டு, அதற்குள் கருவை வை. அடர்த்தி படிப்படியாகத்தான் குறைய வேண்டும். அறைச் சூடு என்றால் 25 முதல் 27 டிகிரி. நம் ஊர் லேபில் ஏசியை 20-இல் வைத்துவிட்டு அதையும் அறைச் சூடு என்கிறார்கள். குளிரில் சவ்வின் வழி போக்குவரத்து மந்தமாகும், 3 நிமிடம் போதாமல் போகும்.

இந்தப் படிகளையே விட்டுவிட்டு, ஒரு மோலாரில் ஒரு நிமிடம், நேரே கல்ச்சர் மீடியா என்று சமீப ஆண்டுகளில் பல லேப்கள் பிளாஸ்டோசிஸ்டுகளுக்குச் செய்கின்றன. 37 டிகிரியில் அந்த ஒரு நிமிடத்திலேயே பெரும்பாலான கிரையோபுரொடெக்டன்ட் வெளியேறிவிடும் என்பது அதன் தர்க்கம், நியாயமானதும்கூட. ஆனால் அங்கே முழுப் பாரமும் அந்த ஒரு நிமிடத்தின் சூட்டின்மேல் விழுகிறது. உன் சூட்டை அளந்து நிரூபிக்காமல் அதற்குத் தாவாதே. கருமுட்டைக்கு இப்போது வேண்டவே வேண்டாம்.

கோளாறு மேஜையிலும் இல்லை என்றால் டேங்க்கைப் பார். கானிஸ்டரை (பட்டைகள் அடுக்கிய குவளை) டேங்க்கின் கழுத்துக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு லேபிள் தேடும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்து. திறந்த பட்டை காற்றில் சில நொடிகளிலேயே ஆபத்தான சூட்டைத் தொட்டுவிடும். மறுபடி உள்ளே போட்டால் வெளியே எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து உருக்கும்போது அந்தச் சேதம் வெளிப்படும், பழி அன்று பைப்பெட் பிடித்தவர் தலையில் விழும்.

நம் நாட்டின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 10 ஆண்டுக்கு மேல் கருவைச் சேமிக்க முடியாது என்பதால் பழைய மெதுமுறையில் உறைந்த ஸ்ட்ரா (கரு இருக்கும் மெல்லிய குழாய்) உன்னிடம் வருவது அரிது. வந்தால் நான் மேலே சொன்ன அவசரம் அதற்குப் பொருந்தாது. காற்றில் அரை நிமிடம், பிறகு 30 டிகிரித் தண்ணீரில் பனி கரையும்வரை. நைட்ரஜனிலிருந்து நேரே தண்ணீரில் போட்டால் ஜோனா (கருவின் வெளியுறை) விரிசல் விடும். கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி 1978-இலேயே டிஎம்எஸ்ஓ-வில் 53 நாள் உறையவைத்த கருவை உருக்கிக் குழந்தை பிறக்கவைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

உருக்கிய உடனே கரு சுருங்கி, அழுக்கு உருண்டைபோல் இருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் போன் போடாதே. இரண்டு மணி நேரம் கல்ச்சரில் விட்டு, விரிகிறதா, உள்செல் கூட்டம் தெளிவாக இருக்கிறதா, கறுத்த செல்கள் எத்தனை பங்கு என்று பார்த்துப் படத்தோடு எழுதி வை. கருவியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஆல்ஃபாவின் 2012 ஒப்புதல்படி விட்ரிஃபை செய்த (கண்ணாடிபோல் இறுகும்படி வேகமாக உறையவைத்த) பிளாஸ்டோசிஸ்டுக்குப் பிழைப்பு விகிதத்தின் அடிமட்டம் 80 சதவீதம், எட்ட வேண்டிய அளவு 95. உங்கள் மொத்தச் சராசரி 95-ஐத் தொட்டாலும் ஆறுதல் அடையாதே. உறையவைத்தவர், உருக்கியவர், மீடியா லாட், டேங்க் என்று பிரித்துப் போடு. ஒரு வரிசை மட்டும் சரிந்திருந்தால் அங்கே நோண்டு.

ப்ரோப் கிடைத்ததும் மூன்று எண்களை எனக்கு அனுப்பு: தாவிங் டிஷ்ஷின் நடுவில் சூடு, பட்டை உள்ளே போனபின் அதே இடத்தில் சூடு, டைல்யூஷன் கிணற்றின் சூடு. அதைப் பார்த்துவிட்டு மீடியாவைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா