இரண்டு வருஷம் பிந்தி வந்ததுதான் அந்த கேமின் அதிர்ஷ்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் சினிமாவை வைத்துச் செய்கிற வீடியோ கேம்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. வடசேரி சந்தைக்குப் போய்விட்டு வந்து, சாயா ஆறிப்போவதுகூடத் தெரியாமல் வாசித்தேன். படம் ஓடுகிற சூட்டிலேயே காசு பார்க்கச் செய்கிற வேலைதான் இந்த கேம்கள் எல்லாம் என்கிறார் எழுதியவர். பெரும்பாலும் சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு உதாரணமாக அவர் பிடித்து இழுத்தது ஜேம்ஸ் பாண்டின் 'கோல்டன்ஐ'யை. அதுவும் படமும் கேமும் 1995-ல் ஒன்றாக வந்தன என்று ஒரு வரி வேறு. சார், படம் வந்தது 1995 நவம்பரில். டிவியில் மாட்டி விளையாடுகிற நின்டெண்டோ 64 என்ற கருவிக்கு அந்த கேம் வந்தது 1997 ஆகஸ்டில். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். விஷயமே அந்த இரண்டு வருஷத்தில்தான் இருக்கிறது.

நான் விமர்சகன் எல்லாம் இல்லை, நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2000 வாக்கில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். செட்டிகுளத்தில் பெரியப்பா வீடு, பெரியப்பா துபாயில். லீவுக்கு வந்தபோது அவர் பெட்டியைத் திறந்தால் டாங் பொடி, கோடாலித் தைலம், பெரியம்மாவுக்கு சேலைத்துணி, அதற்கெல்லாம் அடியில் ஒரு நின்டெண்டோ 64. ஊரில் எல்லாரும் ஆறு பட்டன் ஜாய்ஸ்டிக்கில் மரியோ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஜாய்ஸ்டிக்கோ மூன்று கொம்பு முளைத்த மாதிரி இருந்தது, எந்தக் கொம்பைப் பிடிப்பது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கூட வந்தது ஒரே ஒரு கேசட், கோல்டன்ஐ.

அப்போது நாங்கள் யாரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. கேமை முடித்து ஒரு வருஷம் போய், கேபிளில் இங்கிலீஷில் பாதி புரிந்தும் புரியாமலும் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், படத்தில் நிறையத் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியது. செவர்னயா என்று பனி கொட்டுகிற ஓர் இடம், கேமில் பாண்ட் அங்கே இரண்டு தடவை போவான், பங்கருக்குள் இறங்குவான், ஒரு தடவை மாட்டிக்கொண்டு கம்பிக்குள்ளேயே கிடப்பான். படத்தில் எப்போது போவான் எப்போது போவான் என்று காத்திருந்தேன், ஆள் அங்கே காலே வைக்கவில்லை! லண்டனில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தில் பார்ப்பதோடு சரி. ஏவுகணைக் கிடங்கு ஒன்று கேமில் வரும், படத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. படம் 1986-ல் தொடங்கி, ஒன்பது வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடும். அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்து, பாண்ட் இந்த நேரத்தில் எங்கே இருந்திருப்பான் என்று யோசித்திருக்கிறார்கள் கேம் செய்தவர்கள். படத்தை நகல் எடுக்க நினைத்தவனுக்கு அந்த யோசனை வராது.

செய்தது இங்கிலாந்தில் ரேர் என்ற கம்பெனி. மார்ட்டின் ஹோலிஸ் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம், பத்துப் பேர் அளவில், அதில் பலருக்கும் அதுதான் முதல் கேம். படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே லீவ்ஸ்டன் ஸ்டூடியோவுக்குப் போய் செட்டை போட்டோ எடுத்து, வரைபடங்களையும் வாங்கி வந்திருக்கிறார்கள். (அந்த ஸ்டூடியோவும் முன்பு விமான என்ஜின் செய்த தொழிற்சாலைதான், படத்துக்காக மாற்றிக்கொண்டார்கள்.) அந்த வரைபடங்களை வைத்து முதலில் கட்டடத்தைக் கட்டிவிட்டு, எதிரி எங்கே நிற்பான், நாம் எங்கிருந்து வருவோம் என்பதை எல்லாம் அப்புறம் முடிவு செய்தார்களாம். அதனால்தான் அந்த கேமில் எதற்கும் உதவாத அறைகள் இருக்கும், கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால் நிஜக் கட்டடம் அப்படித்தானே இருக்கும், எங்கள் தாலுகா ஆபீஸிலும் எதற்கென்று தெரியாத அறை நாலு உண்டு.

முதல் கட்டத்தில் ஓர் அணை வரும். தூரம் பார்க்கிற துப்பாக்கியை வைத்துப் பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு காவல் கோபுரம் தெரியும், ஆனால் அங்கே போக வழி கிடையாது. ஒரு படகு எங்கேயோ ஒளிந்து கிடக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போய்விடலாம் என்று பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அடித்துச் சொன்னான். காலாண்டு லீவு முழுக்க அந்த அணையின் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தோம். பெரியம்மா வந்து, "எலேய், நாலு நாளா இதே சுவரைத்தான் பாத்துட்டு இருக்கியோ, கண்ணு போயிரும் பாத்துக்கோ" என்பாள். படகு எல்லாம் இல்லை. உலகம் முழுக்க எங்களை மாதிரிப் பிள்ளைகள் அதே சுவரைத் தடவியிருக்கிறார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த அணை நிஜ அணைதான், சுவிட்சர்லாந்தில் வெர்சாஸ்கா. 220 மீட்டர் உயரம். படத்தின் முதல் காட்சியில் அதன் உச்சியிலிருந்து கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் குதிப்பார். நிஜமாகக் குதித்தது வெய்ன் மைக்கேல்ஸ் என்ற சண்டைக் கலைஞர். நம்மூர்க்காரர்களுக்குக் கணக்கு சொல்கிறேன்: மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடுவில் நின்று கீழே பரளியாற்றைப் பார்த்தால் வயிறு ஒரு மாதிரி பிசையுமே, அது 115 அடி. அதைப் போல ஆறு பாலத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரத்திலிருந்து குதித்திருக்கிறார் மனுஷன். கேமில் நாம் விளிம்பு வரை ஓடினால் போதும், அதுவே குதித்துக்கொள்ளும். இந்த ஒரு இடத்தில் படம்தான் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த காட்சியில் கேம் ஜெயிக்கிறது. படத்தில் ரசாயன ஆயுதக் கிடங்கின் கக்கூஸில் ஒரு காவலாளி பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பாண்ட் மேலே இருந்து தலைகீழாக இறங்கிக் குத்துவிடுவான். பத்து விநாடி, ஒரு சிரிப்பு, முடிந்தது. கேமில் நாமே அந்தக் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து வர வேண்டும். கீழே கக்கூஸ் தடுப்புகள் வரிசையாகத் தெரியும். எந்தத் தடுப்புக்குள் ஆள் இருக்கிறான் என்று தெரியாது. இறங்கினால் திரும்பி ஏற முடியாது. அண்ணன் இறங்குகிற அந்த நொடியில் அறையில் ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். காவலாளிக்குக் காலில் சுட்டால் காலைப் பிடித்துக்கொள்வான், கையில் சுட்டால் கையை உதறுவான். அப்போது அது எங்களுக்குப் பெரிய அதிசயம். அந்தக் கிடங்கிற்குள் டாக்டர் டோக் என்று ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்பார். டோக் என்பது கேம் செய்த கூட்டத்தில் இருந்த ஒருவரின் பெயர்தான்.

குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. நடாலியா என்கிற அந்தப் பெண்ணைக் காப்பாற்றிக் கூட்டிப்போகிற கட்டங்கள் இருக்கின்றனவே, சவம், நாம் சுடுகிற நேரம் பார்த்து நேராகத் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்பாள். நாலு குண்டு ஒன்றாக வெடித்தால் கேமே கட்டைவண்டி மாதிரி நகரும்.

நாலு பேர் ஒரே டிவியில் சுட்டுக்கொள்கிற பகுதியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அது கேம் வெளிவரச் சில மாதம் இருக்கும்போது ஸ்டீவ் எல்லிஸ் என்பவர் கடைசியில் சேர்த்தது. அந்த கேம் 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். பெரியப்பா வீட்டில் 21 இஞ்ச் டிவி. அதை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு உள்ளங்கை அகலம். அடுத்தவன் கட்டத்தை எட்டிப் பார்த்தால் அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும், அதனால் பார்க்கக் கூடாது என்று சட்டம், எல்லாரும் பார்ப்போம். இன்னொரு சட்டம், ஆட்ஜாப்பை யாரும் எடுக்கக் கூடாது. பழைய பாண்ட் படத்தில் தொப்பியை வீசுவானே அந்த வில்லன்தான். கேமில் அவனைக் குட்டையாகச் செய்துவிட்டார்கள், நேராகச் சுட்டால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். எங்களுக்கு அவன் பெயர் குட்டையன். குட்டையனை எடுத்ததற்காக பக்கத்து வீட்டுப் பையன் எங்களோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தான். தப்பு அவன் மேல்தான்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் அதைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1989-க்குப் பிறகு ஆறு வருஷம் பாண்ட் படமே வரவில்லை, அதற்குள் பெர்லின் சுவர் இடிந்து, சோவியத் யூனியனும் இல்லாமல் போய்விட்டது. இனி இந்த உளவாளிக்கு என்ன வேலை என்ற கேள்வியைப் படமே கேட்கிறது. ஜூடி டென்ச் முதல் தடவை பாண்டின் மேலதிகாரி 'எம்' ஆக வந்து பாண்டை முகத்துக்கு நேரே காலாவதியான ஆள் என்று சொல்லுகிற காட்சி அதனால்தான் நிற்கிறது. பியர்ஸ் பிராஸ்னனுக்கு முதல் பாண்ட் படம், இயக்கியவர் மார்ட்டின் கேம்பல், பின்னாளில் டேனியல் கிரெய்கை பாண்டாக அறிமுகப்படுத்தியதும் அவரேதான். ஷான் பீன் நடித்த வில்லன் 006, பாண்டின் கூட்டாளியாக இருந்து திரும்பியவன். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத்தை எதிர்த்து நின்ற கோசாக்குகள் என்ற ரஷ்யக் குதிரைவீரர் கூட்டத்தை பிரிட்டன் சோவியத்திடமே காட்டிக்கொடுத்தது, அதில் சிதைந்த குடும்பத்தின் பிள்ளை அவன். அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று தோன்றும். எரிக் செர்ராவின் பின்னணி இசை மட்டும் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும். டாங்கி ஓட்டுகிற காட்சிக்கு ஜான் ஆல்ட்மேன் என்ற வேறொருவரை வைத்துத்தான் பாண்ட் மெட்டைப் போட்டார்கள். கேமின் இசை இதைவிட எவ்வளவோ மேல், கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் கட்டுரையின் குற்றச்சாட்டு யாருக்குப் பொருந்தும்? 2004-ல் இதே பெயரை ஒட்டிக்கொண்டு 'ரோக் ஏஜென்ட்' என்று ஒன்று வந்தது. வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஓர் உளவாளி, அவனுக்குத் தங்கக் கண், எதிரிகளோடு சேர்ந்துகொள்கிறான். படத்தின் கதை இல்லவே இல்லை, பெயர் மட்டும்தான். அதை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

2010-ல் நின்டெண்டோவின் வீ என்ற கருவிக்கு கோல்டன்ஐயைப் புதிதாகச் செய்து விட்டார்களே, அதைப் பற்றி எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. பிராஸ்னனுக்குப் பதில் டேனியல் கிரெய்க். கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தார்கள், எழுதியவர் படத்தின் திரைக்கதையிலும் பங்குள்ள புரூஸ் ஃபியர்ஸ்டீன். அடுத்த வருஷம் பிளேஸ்டேஷன் 3-க்கும் வந்தது. மார்த்தாண்டத்தில் இருக்கிற என் அத்தான் இதுதான் ஒழுங்கான கேம் என்பார், பழையதில் குறிவைப்பதே கஷ்டம், நீங்கள் எல்லாம் சின்ன வயசு ஞாபகத்தை விளையாடுகிறீர்கள் என்பார். குறிவைப்பதில் அவர் சொல்வது சரி. ஆனால் இதில் அடிபட்டால் ஒரு சுவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒதுங்கினால் உடம்பு தானாகச் சரியாகிவிடுகிறது. பழையதில் பட்டது பட்டதுதான், எங்காவது கவசம் கிடைத்தால் மேற்கொண்டு படுகிற குண்டைத் தாங்கலாம், அவ்வளவே. பாதிக்கும் கீழே உயிரை வைத்துக்கொண்டு கடைசிக் கதவை நோக்கிப் போகிற அந்த வெப்ராளம் புதியதில் கிடையாது. அதோடு கோசாக் கதையையும் எடுத்துவிட்டார்கள், காலத்தை மாற்றினால் வயசு ஒத்துவராது என்பது புரிகிறது, ஆனால் அது போனதும் வில்லன் சாதாரண வில்லனாகிவிட்டான்.

அந்தப் பழைய கேம் உரிமைச் சிக்கலில் மாட்டி, 2023 ஜனவரியில்தான் ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் என்ற இன்றைய கேம் கருவிகளில் திரும்ப வந்தது. படம் வெளியான வாரத்தில் அவசரமாகக் கொட்டிய கேமாக இருந்தால் 25 வருஷம் கழித்து யார் அதைத் தேடப்போகிறார்கள்? அடுத்த இதழில் அந்த 1995-ஐ 1997 என்று திருத்திப் போட்டால் போதும், மற்றது எழுதியவரின் அபிப்பிராயம்.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்திருந்தான், இப்போது அவனும் துபாயில்தான். அவன் மகன் ஸ்விட்ச் கொண்டுவந்திருந்தான், வயசு பதினொன்று. நாலு பேர் உட்கார்ந்தோம், டிவி இப்போது 55 இஞ்ச். பையன் ஆட்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு பைய ஆட்ஜாப்பில் நிறுத்தினான். "எலேய், அவனை எடுக்கக் கூடாது" என்று அவன் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் கத்தினதில் அடுக்களையிலிருந்து பெரியம்மா ஓடிவந்துவிட்டாள்.

இப்படிக்கு,
வடசேரி வாசகன்,
நாகர்கோவில்.