ஆச்சிமார் நோயே அறியாதவர்களா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப்பூச்சு எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வரி: "அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உழைத்த அந்தக் கால ஆச்சிமார் நோய்நொடி அறியாமல் வாழ்ந்தார்கள்." அதோடு இதழை மூடி வைத்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடி உதிரப்போக்கு ஆரம்பித்தது. இரவில் எல்லோரும் படுத்த பிறகு இரண்டாங்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போய்த் துணியை அலசுவார்கள். யார் கண்ணிலும் படக்கூடாதென்று விறகு அடுக்கியிருக்கும் மூலையில் காயப்போடுவார்கள். அங்கே வெயில் வராது. முழுசாகக் காயாத துணியையே மறுநாளும் கட்டிக்கொள்வார்கள். விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பெரியவர்கள், இந்த நிலையில் கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்றுதான் பேசினார்கள். டாக்டரிடம் போகலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பச்சி (அப்பா) கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, மலேயா போயிருந்தார்கள். அவர்களுக்குப் போன கடிதங்களிலெல்லாம் "இங்கு அனைவரும் சுகம்" என்றே இருக்கும். ஆத்தா சொல்லச் சொல்ல அதை எழுதியவள் நான். கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றிப்போயிருந்தது. "பெரும்பாடு வந்து போய்ட்டாக" என்று ஊரில் சொன்னார்கள்; உதிரப்போக்குக்கு அங்கே அதுதான் பெயர். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

தாங்கள் அறியாததில்லை, எங்கள் வீடுகளில் எழுதி வைக்காத கணக்கு கிடையாது. கல்யாணத்துக்கு வந்த பித்தளை வாளி எத்தனை, எனாமல் சட்டி எத்தனை, கரண்டி எத்தனை என்று நோட்டில் இருக்கிறது. ரங்கூன் கடை வட்டிக் கணக்கு பெட்டகத்தில் இருக்கிறது. இத்தனை சாமானையும் கட்டிக் காத்த பெண்கள் எந்த நோயில் போனார்கள் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அவர் கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்ன சொல்வது? அப்பத்தா நெஞ்சில் புண் வந்து போனதாகச் சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம். கடைசிக் காலத்தில் கண்டாங்கித் தலைப்பை இறுக்கப் போர்த்திக்கொண்டே இருப்பார்களாம். மார்புப் புற்றுக்கான மரபணுக் கோளாறு தாய்வழியில் மட்டுமல்ல, தகப்பன் வழியிலும் வரக்கூடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியானால் அப்பத்தாவுக்கு என்ன வந்தது என்பது எனக்குத் தெரிந்தே ஆகவேண்டிய விஷயம் அல்லவா? கேட்க ஆளில்லை. அந்த டாக்டரும் கேள்வியை என்னிடம் கேட்டாரே தவிர, விளக்கமெல்லாம் என் மகனைப் பார்த்துத்தான் சொன்னார். உடம்பு என்னுடையது.

சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது பேத்தி ஒரு கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளர் தம் அக்காவுக்கு எழுதியது. 1811இல் பாரிஸில் அவருடைய மார்பை அறுத்து எடுத்தார்கள். மயக்க மருந்து வராத காலம். முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்களாம். அதற்குள்ளிருந்தே கத்தி பளபளத்தது தெரிந்தது என்று எழுதியிருக்கிறார். அப்புறம் 1840 வரை, 87 வயது வரை இருந்திருக்கிறார். அவர் எழுதி வைத்ததால் அந்த அறையில் நடந்தது காரைக்குடியில் இருக்கிற எனக்குத் தெரிகிறது. இதே வளவில் கண்ணை மூடிய என் அப்பத்தாவின் நோய்க்குப் பெயர் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்களுக்குப் படிப்பெதற்கு என்ற காலத்தில் 1912இல் டாக்டரானார். சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மனசில் வைத்திருந்து 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பல வருஷமாகத் தங்கள் மகளிர் சிறப்பிதழை வாங்குகிறேன். முகப்பொலிவும் கூந்தலும் பலகாரமும் வராத வருஷம் இல்லை. நான் படித்தவரை அந்த அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் வந்ததில்லை. சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தன்னம்பிக்கையால் புற்றுநோயை வென்றவர்" என்று அடிக்கடி தலைப்புப் போடுகிறீர்கள். உறவுக்காரர்கள் என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பிழைத்தது நேரத்தோடு வைத்தியம் கிடைத்ததால். தைரியத்தில் என் ஆத்தா என்னைவிட ஒரு படி மேல். அவர்களிடம் தன்னம்பிக்கை குறைந்துபோயா இறந்தார்கள்? பிழைத்த பிறகு உள்ள பாட்டையும் யாரும் எழுதுவதில்லை. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் என் இடது கை வீங்கும். ரவிக்கையின் இடது கையை மட்டும் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்கிறேன். ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லி வலது கையை நீட்டவேண்டும். புற்று மறுபடி வராமலிருக்கத் தினம் சாப்பிட்ட லெட்ரோசோல் மாத்திரை எலும்பைப் பலவீனமாக்கிவிட்டது. வயதும் ஆகிவிட்டது, முற்றத்துப் படி இறங்கும்போது தூணைப் பிடித்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதினால்தானே அடுத்து வருகிற பெண்ணுக்கு உதவும்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே அரைப் பக்கம் ஒதுக்கி, மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் டாக்டரிடம் போகவேண்டும் என்றும், 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்க்கும் மார்புக்கும் இலவசப் பரிசோதனை உண்டு என்றும் போடுங்கள். பெண்கள் பக்கத்துக்கு வழக்கமாகப் போடும் ரோஸ் நிறமும் வெள்ளை எழுத்தும் வேண்டாம். கறுப்பு மையில், கொஞ்சம் பெரிய எழுத்தாக இருக்கட்டும். எங்கள் தெருவில் தங்கள் இதழைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காரைக்குடி