மலேசியா, சுங்கை சிப்புட் மக்களுக்கு எங்கள் நன்றி

தோட்டத்துப் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் தமிழ்ப்பள்ளியில் புரொஜெக்டர் ஓடத் தொடங்கிவிட்டது. கருவிக்குப் பணம் தந்தவர்களின் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பலகையில் ஏறாத கைகளுக்கு இந்த மடல்.

வயரிங் அண்ணனுக்கு முதல் நன்றி. சர்ஜ் புரொடெக்டரை வாங்கிச் செருகினால் மின்னலுக்குப் பயமில்லை என்றுதான் பலர் நினைக்கிறோம். மிகுதி மின்சாரத்தை அது மண்ணில் இறக்க வேண்டும். மண்ணுக்குப் போகும் எர்த் இணைப்பு சரியில்லை என்றால் அது கிட்டத்தட்ட வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். நீங்கள் எர்த் கம்பியை மாற்றிய பிறகே பிளக்கைத் தொட விட்டீர்கள். இணையக் கம்பி வழியாகவும் மின்னல் வரும் என்றீர்கள். பள்ளி விட்டதும் அதையும் கழற்றிவிடுகிறோம்.

கருவியைக் கூரையில் மாட்டிய தம்பிகளே, த்ரோ விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். கணக்கு சுலபம். அந்த 3 மீட்டருக்குள் சீலிங் ஃபேன் வந்தால்தான் வம்பு, இறக்கை நிழல் படத்தில் படபடக்கும். ஃபேனைத் தள்ளி மாட்டினீர்கள். கருவியைச் சாய்க்காமல் சுவருக்கு நேராகவும் வைத்தீர்கள். கோணலைக் கருவியிலுள்ள ‘கீஸ்டோன்’ என்ற பட நிமிர்த்தும் வசதியில் திருத்தினால் எழுத்தின் ஓரம் மங்கும். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. கடைசி வரிசைப் பிள்ளை ‘கல்’லைக் ‘கல’ என்று படித்தால் குற்றம் பிள்ளையுடையதல்ல. தடித்த எழுத்துருவில் 32 பாயிண்ட் அளவுக்குக் கீழே நாங்கள் இறங்குவதில்லை.

சன்னல் திரை தைத்த அம்மாக்களுக்கும் நன்றி. படத்துக்குப் பக்கத்து இரண்டு சன்னல்களுக்கு மட்டும் கறுப்புத் துணி போதும் என்றது நல்ல யோசனை. அறை முழுக்க இருட்டானால் பிள்ளைகள் எழுத முடியாது. புழுக்கத்தில் தூங்கியும் விடுவார்கள்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதைப் பற்றிய எங்கள் பாடப் படத்துக்குக் குரல் கொடுத்த பாட்டிக்குத் தனி நன்றி. வெயில் ஏறினால் இலை வழியே மரத்தின் நீர் போய்விடும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டம் தளரும்; விடியுமுன் வெட்டுவது அதனால்தான். பாடநூல் பாணியில் இதைச் சொன்னால் கொட்டாவிதான் வரும். நீங்கள் சொன்னபோது வந்தது கேள்வி. அந்தக் குரலுக்கு மாணவர்கள் களிமண்ணில் மரமும் பால் பிடிக்கும் மங்கும் செய்து, நொடிக்கு 12 படம் வீதம் 40 நொடிக்கு 480 படங்கள் எடுத்தார்கள். கைப்பேசியைத் தாங்கியில் இறுக்கிக் கட்டினோம். சன்னல் வெளிச்சத்தைத் தவிர்த்தோம், மேகம் ஒன்று கடந்தாலே படம் மினுங்கும்.

குரல் சொல்வதையே எழுத்தாகவும் ஓட்டாதீர்கள் என்று சொன்ன பழைய மாணவிக்கும் நன்றி. கண் எழுத்தில் நின்றுவிட்டால் படத்தைப் பார்க்காது. எழுத்தை எடுத்தோம். இப்போது கத்தி பட்டையைத் தொடும் இடத்தில் படத்தை நிறுத்தி, “அடுத்து என்ன?” என்று கேட்கிறோம். பதிலை நோட்டில் எழுதிய பிறகே மறுபடி ஓடும்.

செம்மண் தூசி ஏறிய வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைத்துத் தரும் அண்ணனை மறக்கவில்லை. அது அடைத்தால் கருவி சூடேறிப் பாடத்தின் நடுவிலேயே அணைந்துவிடும்.

பாட்டி, மரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலின் கதையை அடுத்து பதிவு செய்யலாம். காலையிலேயே வந்துவிடுங்கள். மதியம் மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர்கள்