போட்டோவைப் பார்த்து இனி விலை சொல்வதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் காசின் படத்தை அனுப்பி "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்களுக்கு இதுவரை உடனே ஒரு தொகை சொல்லி வந்தோம். இனிமேல் சொல்லப்போவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன மழைக்காலத்தில் கோத்தகிரியிலிருந்து ஒருவர் 1862 விக்டோரியா ரூபாயின் படம் அனுப்பினார். ராணியின் கூந்தல் இழை இழையாகத் தெரிந்தது. நல்ல விலை சொன்னோம். குன்னூருக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார். காசைக் கையில் வாங்கி விளிம்பைத் திருப்பினால், ராணியின் தலைக்கு நேர் மேலே பற்றவைத்து அராவிய தடம். ஒரு காலத்தில் வளையம் வைத்து மாலையில் கோத்த காசு அது. போதாததற்குப் புளி போட்டுத் தேய்த்தும் இருக்கிறார்கள். சொன்னதில் பாதிகூடத் தர முடியவில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. விளிம்பைப் பார்க்காமல் வாயை விட்டது நாங்கள்தான்.

படத்தில் ஏமாற்றுவது பெரும்பாலும் பளபளப்பு. புழக்கத்துக்கே போகாத காசைச் சாய்த்துச் சுழற்றினால், ஒளிக்கீற்று வண்டிச்சக்கரத்தின் ஆரம்போலக் கூடவே சுற்றும். தேய்த்து விளக்கிய காசும் வெள்ளையாக மினுங்கும், ஆனால் ஒளி சுற்றாது. அசையாத படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நம் ஊர் மூடுபனி வெளிச்சம் வேறு எல்லாப் பக்கத்திலிருந்தும் மெத்தென்று விழுந்து, துணியால் துடைத்த மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடுகிறது. ஃப்ளாஷ் போட்டாலோ சின்னத் தழும்புகூடப் பள்ளம்போலத் தெரியும். அப்புறம், போனே படத்தை மெருகேற்றும் வேலையையும் செய்துவிடுகிறது.

அதனால் ஜன்னல் வெளிச்சத்தை நம்பாமல், ஒரு மேசை விளக்கை மேல் ஓரத்தில் சாய்வாக வையுங்கள். காசைக் கவரிலிருந்து எடுத்து, விளிம்பைப் பிடித்து, சாம்பல் நிறத் தாளில் வைத்து இரு பக்கமும் எடுங்கள். வெள்ளைத் தாளில் வைத்தால் காசு கறுத்து விழும். விளிம்பைச் சுற்றி நாலு படம் வேண்டும். காசை மெதுவாகச் சாய்க்கும் பத்து விநாடி வீடியோ இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். நகைக்கடைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள்: அந்தக்கால வெள்ளி ரூபாய் புதிதில் 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். நன்றாகவே குறைந்தால் நேரில் பார்க்காமல் பேச மாட்டோம்.

1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வைத்திருப்பவர்கள் மன்னர் அங்கியின் மேல் உள்ள மாலையைத் தனியாக ஒரு படம் எடுங்கள். அதிலுள்ள யானை பன்றிபோல இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, 1912-இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றினார்கள். அந்த இடம் மேடாக இருப்பதால் சீக்கிரம் தேயும். அங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்தே தரத்தைப் பேச ஆரம்பிப்போம்.

செப்புக் காசில் பச்சைக் களிம்பு இருந்தால் சுரண்டாமல் அப்படியே படம் எடுங்கள். இங்குள்ள ஈரத்துக்கு அது சகஜம். மலிவான பிளாஸ்டிக் கவராலும் வரும்.

இப்படி வரும் படங்களுக்கு "வி.எஃப். (ஓரளவு தேய்ந்தது) முதல் எக்ஸ்.எஃப். (லேசாக மட்டும் தேய்ந்தது) வரை" என்பதுபோல ஒரு தர வரம்பும், அதற்கேற்றபடி குறைந்தபட்ச, அதிகபட்ச விலையும் எழுதி அனுப்புவோம். முடிவான விலை காசைக் கையில் பார்த்த பிறகுதான். பஸ் ஏறுவதற்கு முன் அந்தக் குறைந்தபட்ச விலை உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் காசுக்கடையிலிருந்து